ஏகாம்பரம் தாத்தாவின் பேஸ்பால் மட்டை

1

இன்றைக்கு ஆயுத பூஜை. இங்கே ஒஹாயோவில் அது சாதாரண வேலை நாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு எட்டு மணிக்குள் போக வேண்டும் என்பதால், சீக்கிரமே குளித்துவிட்டு கார் சாவி, கத்தரிக்கோல், அரிவாள்மனை, என் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மகள் நிலாவின் சாஃப்ட்பால் கையுறையையும் மட்டையையும் தேடினால் காணோம். மற்ற நாட்களில் வாசல் கதவோரமே கிடக்கும். நான் தடுக்கி விழுவேன். அவள் அறைக்குப் போய்க் கேட்டேன். "உனக்குக் கிடைக்காத இடத்துல வெச்சிருக்கேன் அம்மா. ப்ளீஸ், அதுக்கு எதுவும் பண்ணாத" என்றாள், போர்வைக்குள்ளிருந்தே.

வேறு விஷயமாக இருந்தால் நான் போடும் சத்தத்தில் போர்வை பறந்திருக்கும். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அவள் ஏன் ஒளித்துவைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முக்கியமாக, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன் தணிகாசலம் இதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு "நல்லா எழுதிக்கிறமா" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிடக் கூடாது.

2

போன வருடம் இதே நாளில் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசவும் பேசுவாள். ஆனால் நான் பேசுவதை மட்டும் கேட்டு வளர்ந்த தமிழ். "வாடா, சாப்டுடா" என்று நான் அவளைக் கொஞ்சுவதைக் கேட்டுக் கேட்டு, ஃபோனில் தாய்மாமனிடமே "சொல்லுடா மாமா" என்பாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குத்தான் மானம் போகும். காஞ்சிபுரத்துக்கு இரண்டு முறை கூட்டிப்போனோம். முதல் தடவை வாந்தி, இரண்டாம் தடவை கொசுக்கடி. மூன்றாம் தடவை சாஃப்ட்பால் முகாம் இருக்கிறது என்று வரவே இல்லை. நான் வாங்கிவந்த பட்டுப்பாவாடை இன்னும் கடைப் பையிலேயே இருக்கிறது.

சாஃப்ட்பால் என்பது பெண் பிள்ளைகள் ஆடும் பேஸ்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலா அதில் கேட்சர். பந்தை அடிக்கிறவளுக்குப் பின்னால் முகமூடி போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு உலகமே அதுதான்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பெரிய பேஸ்பால் அணிகள் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய், வெற்றி தோல்விக் கணக்கில் சேராத காட்சி ஆட்டங்கள் ஆடிவிட்டு வருவார்களாம். பட்டாளத்துக்காரர்களும் போன இடத்திலெல்லாம் அப்படி ஆடியிருக்கிறார்கள். அந்த ஆட்டங்களின் நினைவுப் பொருள்கள், கையெழுத்துப் போட்ட பந்து, தொப்பி, நுழைவுச் சீட்டு என்று பரணில் கிடப்பதையெல்லாம் மக்கள் கொண்டுவந்து கொடுக்கலாம். நிலா அங்கே சம்பளமில்லாத உதவிக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் சாப்பாட்டு மேசையில் யாருடைய தாத்தா என்ன வைத்திருந்தார் என்பதே பேச்சு.

ஒருநாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "நம்ம வீட்டுலயும் அந்த மாதிரி ஒரு மட்டை இருக்குது. ரெண்டாம் உலக யுத்தத்தப்போ எங்க தாத்தாவுக்கு ஒரு அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் கொடுத்தது. மேல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

நிலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, நிஜமாவா? ஏன் எனக்குச் சொல்லவே இல்ல?"

ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நாங்கள் பட்டு நெய்கிற குடும்பம். காலையில் தெருவில் பாவு நீட்டும்போது நூலை இழுத்துக் கட்ட முளை அடிக்க வேண்டும். அந்த முளையை அடிக்கிற கட்டையாக இருந்தது அது. வெள்ளக்காரன் கட்டை என்று பெயர். முனை நசுங்கியிருக்கும். அதற்குக் கீழே பழுப்பேறிய மையில் நெளிநெளியாகப் பெயர்கள். என் தாத்தா ஏகாம்பரத்திடம் பட்டாளத்துக்காரர்களின் தலைவன் ஒரு பட்டு வாங்கினான், சந்தோஷத்தில் மட்டையையும் கொடுத்துவிட்டுப் போனான் என்று அப்பா சொல்வார். தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் நிலா கேட்ட கேள்விகள், அவள் பிறந்ததிலிருந்து காஞ்சிபுரத்தைப் பற்றிக் கேட்டதைவிட அதிகம். அந்த மட்டை எப்படியாவது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வேண்டும், அதற்குப் பக்கத்தில் என் பெண் நின்று பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

3

ஆசைப்பட்டால் போதுமா? கண்காட்சியின் பொறுப்பாளர் கேரல் என்ற அம்மாள். நல்ல மனுஷி, தேனொழுகப் பேசுவார். ஒரு தாளை நீட்டினார். எந்த அணிகள், எந்தத் தேதி, எந்த மைதானம், பொருள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அதற்கு என்ன சான்று? நான் நிரப்ப முடிந்தது என் பெயரையும் முகவரியையும்தான்.

"இந்தியாவிலா? கிரிக்கெட் மட்டையாக இருக்குமோ?" என்றார். ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். படைப்பிரிவின் பெயர் இல்லாமல் தேட முடியாது என்று பதில் வந்தது. இணையத்தில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்றில் விசாரித்தேன். அங்கேயும் ஒரு மகானுபாவர், "அம்மணி, அது கிரிக்கெட்" என்று எழுதியிருந்தார். கடைசியில் என் வீட்டுக்காரரே, "நல்லா யோசிச்சுப் பாரு, கிரிக்கெட் பேட்டா இருக்கப்போவுது" என்றபோது எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தட்டைக்கும் உருண்டைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? அந்தக் கட்டையை உருட்டி விளையாடித்தானே வளர்ந்தேன்?

ஊரில் கேட்கலாம் என்றால் அது இதைவிட மோசம். என் அண்ணனுக்குத் தெரியாது என்ற வார்த்தை வாயில் வராது. தங்கை கடல் கடந்து போய் ஆசையாகக் கேட்கிறாள், அவளிடம் போய்த் தெரியாது என்று எப்படிச் சொல்வது என்பது அவன் நியாயம். ஃபோன் கார்டைத் தேய்த்து காலையில் கூப்பிடுவேன். அங்கே சாயங்காலம்.

"அண்ணா, அவங்க எங்க ஆடினாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

"திருப்பருத்திக்குன்றம் பக்கம்தான்மா. எல்லாருக்கும் தெரியுமே."

அடுத்த வாரம் அதே கேள்வியைக் கேட்டால், "முசரவாக்கத்துல ஏரி ஓரமா ஒரு பொட்டல் இருக்குது பாரு, அங்க."

"போன வாரம் திருப்பருத்திக்குன்றம்னு சொன்னியே?"

"அங்கயும் ஆடிருப்பாங்கமா. ஒரே எடத்துலயா ஆடுவாங்க?"

நான் தாளில் எழுதுவேன், அடிப்பேன், எழுதுவேன். நிலா எதிரே உட்கார்ந்து, "மாமா கெஸ் பண்றாரு அம்மா" என்பாள். அவள் முகத்தில் அந்த முதல் நாள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எனக்குத் தெரிந்தது. எனக்கு அண்ணன் மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

4

அப்படிச் சொல்லிவிட்டு இதையும் சொல்லத்தான் வேண்டும்: ஆளைக் கண்டுபிடித்ததும் அவன்தான். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், சிறு பிள்ளையாக அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர் என்று சொல்லி அவர் வீட்டு ஃபோன் நம்பரை வாங்கிக் கொடுத்தான். நான் நம்பவில்லை. இவரும் யாருக்கோ சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன். நிலாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆமாம்மா, பார்த்திருக்கேன். அப்போ எட்டு வயசு இருக்கும் நேக்கு" என்றார் வாத்தியார். "லாரியில வந்து இறங்கினா. கோயிலைச் சுத்திப் பார்த்துட்டு, வேகவதி ஆத்து மணல்ல ஆடினா. ரெண்டு கட்சியும் அவாளேதான். நாங்க எல்லாம் கரையில நின்னு வேடிக்கை பார்த்துண்டிருந்தோம். ஸ்டம்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒருத்தன் மட்டும் மூஞ்சியில கூண்டு மாட்டிண்டு, அடிக்கறவனுக்குப் பின்னாடி குத்துக்காலிட்டு உக்காந்துண்டு, தொடைக்கு நடுவுல விரலை வெச்சு என்னமோ ஜாடை காட்டிண்டே இருந்தான். அவனைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒரே சிரிப்பு."

நிலா என் கையை இறுகப் பிடித்தாள். "அம்மா, அது கேட்சர். எப்படிப் பந்து போடணும்னு அவன்தான் சிக்னல் குடுப்பான். நான் பண்றது அதுதான் அம்மா." பிறகு ஃபோனுக்குக் குனிந்து, அவளாகவே, தமிழிலேயே கேட்டாள்: "தாத்தா, அவன் எத்தன விரல் காட்டினான்?"

"அது ஞாபகம் இல்லையேடி கொழந்தே" என்று சிரித்தார் வாத்தியார்.

என் பெண் காஞ்சிபுரத்தில் இருக்கும் ஒருவரிடம் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அடுக்களைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேகவதி மணலில் உட்கார்ந்திருந்தவன் எப்படி விரல் காட்டியிருப்பான் என்று எனக்குச் செய்துகாட்டினாள்.

தேதி கேட்டேன். "வைகாசி கருட சேவைக்கு முந்தின வாரம். நன்னா ஞாபகம் இருக்கு" என்றார். எந்த வருஷம் என்றேன். "யுத்த காலம்மா. வருஷத்தைக் கேட்டா நான் எங்கே போவேன்?"

நிலாவையும் இழுத்துக்கொண்டு கேரலிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கருட சேவை என்றால் என்ன, அது எந்தத் தேதியில் வரும் என்றார். வருஷத்துக்கு வருஷம் மாறும் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். விரல் ஜாடை விஷயத்தை அழுத்திச் சொன்னேன். பேஸ்பாலே தெரியாத ஊரில் ஒரு கிழவர் அதை எப்படிக் கற்பனை செய்வார் என்றேன். "பிற்பாடு ஏதாவது சினிமாவில் பார்த்திருக்கலாம் அல்லவா?" என்றார், அதே தேன் குரலில். வரதர் கோயில் தெருவிலிருந்து பேஸ்பால் சினிமாவுக்குப் போகிறாராம் வாத்தியார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஒன்று சொன்னார். நினைவுகள் பிசகும், பொருள்தான் பேச வேண்டும். அந்தக் கையெழுத்துகளைத் தெளிவாகப் படம் எடுத்துக் கொடுத்தால், ஒரு பெயரைப் படிக்க முடிந்தாலும் போதும், படைவீரர் பட்டியலில் தேடி மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நிலா தலையாட்டினாள். ஆக, எல்லாம் அந்தப் பழுப்பு மையில் வந்து நின்றது.

5

அண்ணனிடம் சொன்னேன். முதலில் ஒரு படம் தபாலில் வந்தது. ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் நீல மலைத் திரை, நடுவில் நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் அண்ணி புதுப்புடவையில், இருவருக்கும் நடுவே மட்டை, எழுத்து இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்தபடி. நிலாவே சிரித்துவிட்டாள். நான் ஃபோனில் கத்தாமல், நிதானமாகச் சொன்னேன்.

"அண்ணா, எழுத்துதான் முக்கியம். எழுத்து தெளிவா தெரியணும். இது சாதாரணக் கட்டை இல்லண்ணா. இங்க கண்ணாடிப் பெட்டியில வெச்சு, நாலு பேரு பார்க்கிற மாதிரி மரியாதை பண்ணப் போறாங்க."

"அப்படியா? இத முன்னாடியே சொல்லக்கூடாதாமா? நீ கவலையே படாத. நான் பார்த்துக்கிறேன்."

நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரைத் தெரிந்தவள்தானே நான்? பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கோபுரத்துப் பொம்மைகளெல்லாம் புது வண்ணம் பூசிக்கொள்ளும் ஊர். மங்கிப்போனதை மங்கியபடியே விடுவது எங்களுக்கு மரியாதைக் குறைவு. பள்ளிக்கூடத்தில் எங்களைத் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, மேல்கூரையில் உதிர்ந்துகொண்டிருந்த பழைய ஓவியங்களைக் காட்டி, யாரும் தொடக்கூடாது என்றார் சார். "ஏன் சார், நல்ல பெயிண்டரா பார்த்துத் திரும்ப எழுதிட்டா இன்னா?" என்று கேட்டவன் என் அண்ணன். வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் ஆமாம் என்றோம், நானும் சேர்த்து.

ஆயுத பூஜை அன்று காலை மின்னஞ்சலில் புதுப் படம் வந்தது, பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பியது. அப்போது எங்கள் வீட்டு இணையம் ஃபோன் கம்பியில் வருவது. படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறக்கும். நானும் நிலாவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதலில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பிள்ளையார் சுழி வந்தது. பிறகு பளபளவென்று வார்னிஷ் அடித்த மரம். அதில் சிவப்பு எனாமலில், மஞ்சள் ஓரம் கட்டி, கொட்டை கொட்டையாக இங்கிலீஷ் எழுத்துகள். எந்த மொழியிலும் பெயராகாத எழுத்துகள். அவற்றுக்கும் கீழே தமிழில்: "உபயம். ஏகாம்பரம் நினைவாகக் கொள்ளுப்பேத்தி நிலா, அமெரிக்கா." அதற்கும் கீழே சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

"அம்மா, இது எது?" என்றாள் நிலா.

"நம்ம கட்டைதான்."

"கையெழுத்து எங்க?"

இணையத்தைத் துண்டித்துவிட்டு ஃபோனை எடுத்தேன். அண்ணன் நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தான் போல.

"பார்த்தியாமா? எப்படி இருக்குது? தச்சர வெச்சு நல்லா இழைச்சு, வார்னிஷ் அடிச்சேன். எழுதினது கோயில் வாகனத்துக்கு வண்ணம் எழுதுறவரு, கை சுத்தமான ஆளு. இழைக்கிறதுக்கு முன்னாடியே பழைய எழுத்தெல்லாம் பேப்பர்ல பார்த்து எழுதி வெச்சுக்கினு, அது மாதிரியே திரும்ப எழுதிக்கிறாரு. அந்தக் கிறுக்கல் எங்க புரியுது, இருந்தாலும் பொறுமையா பண்ணிட்டாரு பாவம்."

"இழைச்சிட்டியா?"

"இழைக்காம எப்படிமா? முனையெல்லாம் நசுங்கிக் கெடந்துச்சு."

"அண்ணா, உனக்கு மூளை இருக்குதா? யாருண்ணா உன்ன இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

என் அண்ணனிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அப்பா போன பிறகு எனக்குக் கல்யாணம் செய்துவைத்து விமானம் ஏற்றிவிட்டவன் அவன்.

"நீதானமா சொன்ன, எழுத்து தெளிவா தெரியணும்னு" என்றான். "மங்கிப்போன பொருளயா அனுப்பறது? நாலு பேரு பார்க்கிற எடத்துல நம்ம குடும்பத்துக்கு ஒரு மரியாத வேணாவா? பாப்பா பேருகூட போட்டேன். நாளைக்கு யாருதுன்னு ஒருத்தன் கேட்டா, பதில் இருக்கணும் இல்ல?"

பிறகு, "சரிமா, பூஜைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டான்.

நிலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தமிழ் வரியில் விரலை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். "என் பேரா? நான் எதுவும் குடுக்கலயே" என்றாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. "பரவால்ல அம்மா, லீவ் இட்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேரல் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். ஆனால் இது இப்போது வேறு பொருள் என்றார். என்றைக்காவது நாட்டுப்புறக் கலைக் கண்காட்சி நடத்தினால் அவசியம் கேட்பதாகவும் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணனையும் குற்றம் சொல்ல முடியவில்லை. யார் மேலும் பழி போட முடியாத கோபத்தை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வாள்? குளிர்காலம் முழுக்க வீட்டில் பாத்திரத்தை நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

6

கண்காட்சி வசந்தத்தில் திறந்தது. நிலா போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பெட்டியாக விளக்கிச் சொல்லும் வேலை. நானும் என் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை போய் ஓரமாக நின்றோம். நல்ல கூட்டம். பெட்டிகளில் பந்து, தொப்பி, கிழிந்த சீட்டு. ஒவ்வொன்றின் கீழும் சின்ன அட்டையில் பெயர், ஊர், தேதி. எதையும் யாரும் துடைத்துக்கூட வைக்கவில்லை. அழுக்கு அழுக்காகவே இருந்தது.

என் பெண் நன்றாகப் பேசினாள். எனக்குத் தெரியாத சொற்களெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் அவள் சொல்வதையே ரசித்துக் கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரு பெட்டிக்கு முன்னால் நின்று, "இவ்வளவு ஆசையாகச் சொல்கிறாயே அம்மா, உங்கள் குடும்பத்திலும் யாராவது இந்த ஆட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார், நீ வாயைத் திறக்காதே என்பது போல. வேகவதி மணல், விரல் ஜாடை, முளை அடித்த கட்டை, பட்டு வாங்கியவன் எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றன. அவள் சொல்வாள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள்.

"இல்லை சார். எங்கள் வீட்டில் யாரும் இல்லை" என்றாள்.

பெரியவர் தலையாட்டினார். நிலா அவரை அடுத்த பெட்டிக்குக் கூட்டிப்போய், அதிலிருந்த யாரோ ஒருவருடைய தாத்தாவின் பந்தைப் பற்றி, அவர் பெயர், ஊர், ஆட்டம் நடந்த தேதி எல்லாம் சேர்த்து, விளக்கமாகச் சொல்லத் தொடங்கினாள்.